எலிக்கு மருந்து

விடைபெறும்போது எல்லோரும் "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்கிறோம். வெறுமனே "போறேன்" என்றால் நன்றாக இருக்காது என்பதற்காக அந்த 'வரேன்' ஒட்டிக்கொள்கிறது. அதை நம்பி யாரும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. ஆனால் கடலூரில் நாங்கள் குடியிருந்த வீட்டில், பின்பக்கப் போர்ஷனில் இருந்த அக்கா அப்படிச் சொன்னால் வருவார்.

அவரை எல்லோரும் ஜெராக்ஸ் அக்கா என்று கூப்பிடுவார்கள். மஞ்சக்குப்பத்தில் கோர்ட்டுக்குப் போகிற வழியில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். மெஷினும் அவரும் போக உள்ளே இடம் இருக்காது. விரல் நுனிகளில் எப்போதும் கறுப்பு மை இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார். யாராவது நகல் எடுத்துக்கொண்டு போன பிறகு, கடையை அப்படியே விட்டுவிட்டுக் கோர்ட் வாசல் வரை ஓடுவார். "சார், அந்த ரெண்டாம் பக்கம் மங்கலா வந்துருச்சி, குடுங்க, வேற போட்டுத் தரேன்" என்பார். போனவர் அதைக் கவனித்தே இருக்கமாட்டார்.

நான் புவனகிரியில் அப்பா அம்மாவை விட்டு வந்து, அக்காவுக்குப் பக்கத்து அறையில் தங்கி, திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்தேன். பத்தாவது வரை படித்தவள். ஆட்களிடம் பேச வராது. வார்த்தை தொண்டை வரை வந்து அங்கேயே நின்றுவிடும். அதனால் முதலாளி என்னை மடிக்கிற வேலையில் போட்டுவிட்டார். மற்ற பெண்கள் பேசிப் பேசிப் புடவைகளைப் பிரித்துப் போடுவார்கள். நான் பின்னாலேயே மடித்துக்கொண்டு வருவேன்.

என் அப்பா இறந்தபோது அக்கா புவனகிரிக்கு வந்திருந்தார். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது, பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். அது அவருக்கும் தெரியும். இருந்தும் கிளம்பும்போது என் அம்மாவின் கையைப் பிடித்து, "போயிட்டு வரேம்மா" என்று நன்றாகக் காதில் விழும்படி சொன்னார்.

என் சின்னத்தை கொதித்துப் போனாள். "எழவு வூட்ல நின்னுக்கினு வரேன்னு சொல்றா பாரு. எங்கருந்துடி புடிச்ச இந்தப் பொம்பளைய?"

காரியம் முடிந்தது. சொந்தக்காரர்கள் எல்லாம் அவரவர் ஊருக்குப் போனார்கள். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். ஒரு மத்தியானம் அக்கா மறுபடி வந்து நின்றார். வந்தவர் அப்பாவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. முறத்தில் கிடந்த கொத்தவரங்காயை நறுக்கிக் கொடுத்தார், சாப்பிட்டார், அம்மாவோடு தரையில் படுத்துத் தூங்கினார். அத்தனை நாளில் அம்மா கண் அயர்ந்தது அன்றைக்குத்தான். மறுபடி ஏன் வந்தீர்கள் என்று நான் கேட்டதற்கு அக்கா சாதாரணமாகச் சொன்னார்: "மொத தடவ எல்லாரும் வருவாங்க தங்கச்சி. அப்ப நான் வந்தா என்னா, வராட்டி என்னா."

அவர் வளர்த்த எலிகளும் இப்படி இரண்டாவது தடவையில் வந்தவைதான்.

சிதம்பரத்தில் அவருக்கு ஒரு தங்கை. ஆனித் திருமஞ்சனத் தேருக்கு அந்த வருடம் என்னையும் அழைத்துப் போனார். வீதியில் ஒருவன் எலி ஆட்டம் நடத்திக்கொண்டிருந்தான். வட்டப் பலகையைச் சுற்றிச் சின்னச் சின்னப் பொந்துகள். ஒவ்வொன்றின் மேலும் தாமரை, லாரி, யானை என்று படம். நடுவில் டப்பாவால் மூடியிருக்கும் வெள்ளை எலியைத் திறந்துவிட்டால் அது எந்தப் படத்துக்குள் ஓடுகிறதோ அதில் காசு வைத்தவனுக்குப் பரிசு. அன்றைக்கு அந்த எலி ஓடவே இல்லை. பலகை நடுவில் உட்கார்ந்து, பின்னங்காலால் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தது.

"யோவ், உன் எலிக்கு வண்டி ஸ்டார்ட் ஆவல" என்று ஒருவன் கத்த, கூட்டமே சிரித்தது.

"எங்கிட்ட இருக்கற ரெண்டும் இப்படித்தாங்க, எந்நேரமும் சொறி" என்று ஆட்டக்காரன் சலித்துக்கொண்டான். "காலையில கொளத்தாண்ட விட்டுட்டு வேற புடிச்சாரணும்."

"விடாதீங்க, போயிட்டு வரேன்" என்றார் அக்கா. தங்கை வீட்டுக்குப் போய் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவன் ஆச்சரியமாகப் பார்த்தான். "சும்மா சொல்லிட்டுப் போறீங்கன்னு நெனச்சேன்."

அவன் கொடுத்த இரண்டில் ஒன்று கொஞ்சம் பெரியது, மற்றது அச்சு அசல் அதே மாதிரி, ஆனால் சிறியது. பெரியதற்கு ஒரிஜினல், சிறியதற்குக் காப்பி என்று பெயர் வைத்தார். பழைய கிளிக்கூண்டில், தச்சுப்பட்டறையில் வாங்கிய மரச்சீவலைப் பரப்பி அதில் விட்டார். வீட்டுக்கார அம்மா ஆரம்பத்தில் ஒன்றும் சொல்லவில்லை. ஓனரம்மா என்றுதான் அவரை நாங்கள் கூப்பிடுவோம். குறிஞ்சிப்பாடிப் பக்கம் நிலபுலம் உள்ள குடும்பம். சத்தமாகப் பேசுவார், ஆனால் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் எங்களுக்கும் வரும்.

"புள்ளையாரு வாகனமாச்சேன்னு வுட்டு வச்சிருக்கேன் ஜெராக்ஸு" என்பார்.

"உங்க சாமி வண்டிய சர்ச்சுக்குப் போறவ சர்வீஸ் பண்றேன். நீங்கதான் எனக்குச் சம்பளம் குடுக்கணும்" என்பார் அக்கா.

ஆடி பிறந்தபோது இந்தச் சிரிப்பு நின்றுபோனது. எலிகளின் தோளிலும் கழுத்திலும் முடி கொட்டிப் பொருக்குத் தட்டியிருந்தது. முடியை ஊதிப் பார்த்தால் உப்புத் தூள் மாதிரி ஏதோ தெரிந்தது. உற்றுப் பார்த்தால் அந்த உப்பு நகர்ந்தது. அதே வாரத்தில் ஓனரம்மாவுக்கு இரண்டு கைகளிலும் வயிற்றிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்து அரிப்பு எடுத்தது. பின்கட்டுக்கு வந்து கையை நீட்டிக் காட்டினார்.

"பாரு, உன் எலிப் பூச்சி என் ஒடம்புல ஏறிடுச்சி. எலி வேணுமா வீடு வேணுமான்னு முடிவு பண்ணிக்க. ஆடியில யாரையும் காலி பண்ணச் சொல்லக் கூடாதுன்னு பாக்கறேன். ஆவணி பொறந்தா ஒண்ணு எலி இருக்கக் கூடாது, இல்ல நீ இருக்கக் கூடாது."

அக்கா கூண்டை இழுத்து உள்ளே வைத்துக்கொண்டார். தனியாக இருக்கிற பெண்ணுக்கு வீடு கிடைப்பது எங்கள் ஊரில் எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இந்தப் போர்ஷன் கிடைப்பதற்கு முன்னால் அவர் கொஞ்ச காலம் கடையிலேயே மெஷினுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறார். எலிகளோடு போய் நின்றால் வாசல் கதவைக்கூட யாரும் திறக்கமாட்டார்கள். ஆனால் சொறிந்துகொண்டிருக்கிற ஒன்றைக் கொண்டுபோய்க் குளத்தோரம் விடுவது அவரால் ஆகாது.

என் வார விடுமுறை நாளில் இருவரும் கிளம்பினோம். வாளியில் ஓட்டைகள் போட்டு இரண்டு எலிகளையும் வைத்திருந்தார். "எங்க?" என்று ஓனரம்மா வாசலில் கேட்டார்.

"எலிக்கு மருந்து வாங்கத்தான் ஓனரம்மா. போயிட்டு வரேன்."

ஓனரம்மாவின் முகம் இளகியது. "நல்லது ஜெராக்ஸு. பாவந்தான், என்னா பண்றது. சீக்கிரம் முடிச்சிடு" என்றார். ஏன் பாவம் என்கிறார் என்று நான் கொஞ்சம் யோசித்தேன், விட்டுவிட்டேன்.

மாட்டாஸ்பத்திரியில் ஆடுகளும் கன்றுக்குட்டிகளும் நின்றிருந்தன. டோக்கன் கொடுக்கிறவர் வாளியைப் பார்த்தார். "என்னாம்மா, கோழியா?"

"எலி சார். எலிக்கு மருந்து வேணும்."

"அது மளிகைக் கடையிலேயே விக்கிறாங்களேம்மா, கேக்கு மாதிரி! இதுக்கா வரிசையில நிக்கிற?"

வரிசை முழுவதும் சிரித்தது. ஆட்டைப் பிடித்திருந்த கிழவர் சிரித்த சிரிப்பில் ஆடு கையை விட்டு ஓடிவிட்டது. எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. அக்காவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். பிறகு, "சாவறதுக்கு இல்ல சார், பொழைக்கறதுக்கு" என்றார். அந்த மனிதர் வாளி மூடியைத் திறந்து பார்த்தார். சிரிப்பை விட்டுவிட்டு உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். அங்கே இதற்குத் தோதான மருந்து இல்லை என்றும், சிதம்பரத்தில் சின்னப் பிராணிகளைப் பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார் என்றும் வழி சொன்னார்.

அப்படியே பஸ் ஏறினோம். பி.முட்லூர் தாண்டும்போது கண்டக்டர் வாளியைக் காலால் நகர்த்தப் பார்த்தார். "என்னா இதுல?" என்றார். அக்கா சொன்னதும் காலை இழுத்துக்கொண்டு முன்பக்கம் போனவர் சிதம்பரம் வரை எங்கள் பக்கமே வரவில்லை.

டாக்டரம்மா இளவயதுக்காரர். எலியின் முதுகு முடியில் செல்லோ டேப்பை ஒட்டி எடுத்து, கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். எங்களையும் பார்க்கச் சொன்னார். கொழுத்த பூச்சி ஒன்று மெதுவாகக் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் முடியோடு ஒட்டியபடி முட்டைகள்.

"இது எலி முடியில வாழறது. மனுஷங்க மேல தங்காது" என்றார். ஒவ்வொன்றையும் தராசில் எடை பார்த்துவிட்டு, மெல்லிய ஊசிக்குழாயில் அளந்து, பின்கழுத்துத் தோலில் ஒரு சொட்டு விட்டார். "நீங்களா கடையில வாங்கிப் போட்டுடாதீங்க. மாட்டுக்குப் போடற மருந்து இது. அளவு கொஞ்சம் ஜாஸ்தியானாலும் இதுங்க தாங்காது. அடுத்த வாரம் மறுபடி கொண்டாங்க."

"மறுபடியா?"

"இந்தச் சொட்டுல பூச்சிதான் சாவும். முட்டை சாவாது. அது பொரிச்சதும் திரும்ப ஒரு சொட்டு போட்டாத்தான் வைத்தியம் முடியும். ஒரு தடவையோட நல்லாயிடுச்சின்னு விடறவங்கதான் ஜாஸ்தி. அப்பறம் மருந்து சரியில்லன்னுவாங்க."

அக்கா என் தொடையில் ஓங்கித் தட்டினார். "பாத்தியா தங்கச்சி? டாக்டரம்மா நம்ம கட்சி!"

கூண்டைச் சுடுதண்ணீரில் கழுவ வேண்டும், பழைய சீவலைத் தூக்கி எறிய வேண்டும், புதிய சீவலில்கூடப் பூச்சி ஒளிந்து வரும், ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்தால் நல்லது என்றும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். எங்கள் யாரிடமும் ஃபிரிட்ஜ் இல்லை. துறைமுகப் பக்கம், முதுநகரில் மீனுக்கு ஐஸ் போடுகிற கம்பெனி இருந்தது. அங்கே வேலை செய்கிற ஒருவர் அக்காவின் சர்ச்சைச் சேர்ந்தவர். புதுச் சீவல் மூட்டை ஒன்றைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்து, குளிர் அறையில் போட்டு வைக்கச் சொன்னார்.

அது என்ன மூட்டை என்று அவர் மற்றவர்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. ஐஸ் பாளம் கரையாமல் இருக்க அவர்கள் உமியையும் சீவலையும் போட்டுத்தான் மூடுவார்கள். எங்களுடைய புதுச் சீவல் மீன் லாரியில் ஏறி எந்த ஊருக்கோ போய்விட்டது. அக்கா வாங்கி வந்தது, வருடக்கணக்காக மீனோடு புரண்ட அவர்கள் மூட்டை. நன்றாகக் குளிர்ந்திருந்ததால் அப்போது நாற்றம் தெரியவில்லை. கூண்டில் பரப்பிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

வெயில் ஏற ஏறத் தெருவில் இருந்த அத்தனை பூனைகளும் எங்கள் பின்கட்டுக்கு வந்து சேர்ந்தன. சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்து கத்தின. ஓனரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஒரிஜினலும் காப்பியும் கூண்டின் மூலையில் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஆனால் உயிரோடு, உட்கார்ந்திருந்தன. அந்த நேரம் பார்த்து அக்காவும் வந்தார்.

"ஏ ஜெராக்ஸு! மருந்து குடுத்துட்டேன்னியே?"

"குடுத்தேன் ஓனரம்மா. நல்லா இருக்குதுங்க. அரிப்புகூட கொறஞ்சிருக்கு."

"எலி மருந்து குடுத்தா நல்லா இருக்குமா? என்னா, என்னிய வச்சு வெளையாடறியா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அன்றைக்கு அவர் சொன்ன 'பாவந்தான்' என்பதற்கு அர்த்தம் அதுதான். அக்காவுக்கும் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். அது இன்னும் மோசமாகிப் போனது.

"சிரி, நல்லா சிரி. என் ஒடம்பு எரியுது, ஊட்டுல கருவாட்டு நாத்தம், பூன ஒப்பாரி! ஆவணி ஒண்ணாந்தேதி சாவி என் கையில இருக்கணும்."

நான் நடுவில் போய் நின்றேன். டாக்டரம்மா சொன்னதைச் சொல்ல வேண்டும், அது எலியின் பூச்சி, உங்கள் மேல் தங்காது என்று. வாயைத் திறந்தேன். "ஓனரம்மா, அது வந்து..." என்றேன். "நீ என்னா?" என்று அவர் திரும்பியதும் வார்த்தை நின்றுவிட்டது. பூனையை விரட்டப் போவது போல அந்தப் பக்கம் போய்விட்டேன்.

மறுநாள் முழுவதும் கடையில் மடித்துக்கொண்டே இருந்தேன். நான் பேசியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பார் என்று தோன்றியது. கூடவே இன்னொன்றும் தோன்றியது. ஒரு தடவைதான் போயிருக்கிறேன். இன்னொரு தடவை போகக் கூடாது என்று யார் சொன்னார்கள்?

வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காக விடாமல் முன்கட்டுக்குப் போனேன். ஓனரம்மா மல்லாட்டை மூட்டைமேல் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். மல்லாட்டை என்றால் நிலக்கடலை. அவர்கள் நிலத்தில் விளைந்தது, விலை ஏறட்டும் என்று அறை முழுக்க அடுக்கி வைத்திருந்தார்கள். இடம் இல்லாமல் அந்த மூட்டைகள்மேல் பாயைப் போட்டுத்தான் அவர் படுப்பது வழக்கம்.

"நேத்து ஒண்ணு சொல்ல வந்தேன்" என்றேன்.

"ஆமா, வந்த. ஓடிட்ட." அவர் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார். "இத்தினி வருஷமா இந்த ஊட்டுல இருக்க, நீயா வந்து பேசி நான் பாத்ததில்ல. என்னா, சொல்லு."

சொன்னேன். டேப்பு, மைக்ராஸ்கோப்பு, முட்டை, அடுத்த சொட்டு எல்லாம் சொன்னேன். வரிசையாக வரவில்லை, முன்னும் பின்னுமாகத்தான் வந்தது. "இன்னும் ஒரு சொட்டு பாக்கி இருக்கு ஓனரம்மா. அது போடற வரைக்குமாவது கோவத்த நிறுத்தி வைங்க" என்று முடித்தேன்.

அவர் கையைச் சொறிந்துகொண்டே யோசித்தார். "அந்தச் சொட்டுக்கு அப்பறமும் எனக்கு அரிச்சா?"

"நானே அக்காவுக்கு மூட்ட கட்டித் தரேன்."

"சரி, போ" என்றார். பிறகு மெதுவாக, "பொழைக்க வைக்கறதுக்கும் எலி மருந்து உண்டாடி?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்.

அக்கா எலிகளோடு மறுபடியும் சிதம்பரம் போய் வந்தார். மீன் சீவலைக் குப்பையில் கொட்டிவிட்டு, கூண்டுக்குள் வீணான ஜெராக்ஸ் தாளைக் கிழித்துப் போட்டார். எலிகள் அதில் நன்றாகத் தூங்கின. அதே வாரத்தில் மல்லாட்டைக்கு விலை படிந்து, வியாபாரி வந்து எல்லா மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு போனார். அறையைக் கழுவிவிட்டார்கள். ஓனரம்மா தரையில் பாய் போட்டுப் படுத்தார். சில நாட்களிலேயே அவருடைய தடிப்பு வாடிவிட்டது.

ஆவணி பிறந்தது. காலையிலேயே ஓனரம்மா பின்கட்டுக்கு வந்தார். சாவி கேட்கத்தான் வருகிறார் என்று நான் கதவோரம் ஒட்டிக்கொண்டேன். அவர் அக்காவிடம் கையை நீட்டிக் காட்டினார். சுத்தமாக இருந்தது.

"பாரு ஜெராக்ஸு, உன் எலிக்கு ரெண்டாவது சொட்டு வுட்டதும் எனக்கு அரிப்பு நின்னுடுச்சி. கைராசிக்கார டாக்டரு."

பிறகு ஒரு விரலை நீட்டிக் கூண்டுக் கம்பிக்குள் விட்டார். காப்பி வந்து மோந்து பார்த்தது. அதன் முதுகில் புது முடி பால் மாதிரி முளைத்திருந்தது. "ஏ, மீசை கூசுது" என்று ஓனரம்மா கத்தினார். ஆனால் விரலை எடுக்கவில்லை.

அவர் போன பிறகு நான் கேட்டேன். "அக்கா, அது மூட்டைல இருந்த பூச்சிதான. சொல்லியிருக்கலாமில்ல?"

"எதுக்கு? இப்பத்தான் எலியத் தொட்டுப் பாத்துட்டுப் போறாங்க. நீ வேற" என்று கூண்டைத் துடைக்க ஆரம்பித்தார். அடுத்த அறுவடையின்போது மட்டும், மூட்டைகளைப் பின்பக்கக் கொட்டகையில் அடுக்கச் சொல்லி, அவரே ஆள் பிடித்துக் கொடுத்தார்.

எலிகள் தம் ஆயுள் முடியும் வரை அந்த வீட்டில்தான் இருந்தன. ஒரிஜினல் முதலில், காப்பி பிறகு. இரண்டையும் முருங்கை மரத்தடியில் புதைத்தபோது, இடம் காட்டியது ஓனரம்மாதான்.

அக்காவின் தங்கை முடியாமல் படுத்ததும், 2012-இல் அக்கா கடையைக் கொடுத்துவிட்டுச் சிதம்பரத்துக்கே போய்விட்டார். மினி லாரியில் சாமான் ஏறியது. வாசலில் நின்று, "போயிட்டு வரேன்" என்றார். நானும் ஓனரம்மாவும் அழுதோம். அவர் அழவில்லை. "எதுக்கு அழறீங்க, அதான் வரேன்னு சொல்றேனே" என்று எங்களைத் திட்டினார். மறு வாரமே வந்தார். "என்னா மறந்து வச்சிட்ட?" என்று ஓனரம்மா கேட்டார். "ஒண்ணும் இல்ல. அன்னிக்கு வீடு காலி பண்ற அவசரத்துல உங்கள சரியா பாக்கல" என்று உட்கார்ந்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

நான் இன்னும் அதே ஜவுளிக்கடையில்தான் இருக்கிறேன். மலையாகப் பிரித்துப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் எடுக்காமல் எழுந்திருப்பவர்கள் நிறைய பேர். "போயிட்டு வரோம்" என்பார்கள். மற்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். நான் எல்லாவற்றையும் மடித்து உள்ளே அடுக்கிவிட்டு, அவர்கள் அதிக நேரம் தடவிப் பார்த்த புடவையை மட்டும் மேலேயே வைத்திருப்பேன். எல்லோரும் வருவதில்லை. வருகிறவர்களிடம், "இதுதான நீங்க பாத்தது?" என்று இப்போதெல்லாம் நானே பேசுகிறேன்.